காற்று மாறும் வாரத்தைக் கவனியுங்கள்: மதுரைப் பக்கம் புதிதாக மக்காச்சோளம் போடுபவர்களுக்குப் படைப்புழு வழிகாட்டி

பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடபட்டி, உசிலம்பட்டி பக்கம் புஞ்சை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ புதிதாக மக்காச்சோளம் போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவைப் பற்றி யாரைக் கேட்டாலும் மருந்தின் பெயரைச் சொல்வார்கள். எந்த நாளில் அடிக்க வேண்டும், அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம். வானிலை ஒரு இடத்தில், பூச்சி ஒரு இடத்தில், காப்பீடு இன்னொரு இடத்தில் என்று தகவல் சிதறிக் கிடக்கிறது. நான் அலைந்து சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். நெல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

படைப்புழு உங்கள் வயலிலேயே பிறந்து வளரும் பூச்சி மட்டும் இல்லை. அதன் தாய் அந்துப்பூச்சி இரவில் காற்றில் ஏறி ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர் வரை போகக்கூடியது. 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பூச்சி அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்தது, 2019 தொடக்கத்தில் சீனாவை எட்டியது. ஆகவே காற்றையும் மழையையும் கவனிக்கிறவருக்குச் சில நாள் முன்கூட்டியே சேதி கிடைக்கும். அந்தச் சில நாள்தான் பயிரைக் காப்பாற்றுகிறது.

1. முதலில் நம் ஊர்க் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிடுவதால் நமக்கு வறண்ட காற்றுதான் அதிகம். இந்த மாதங்களில் தேனி, திண்டுக்கல், உடுமலைப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் மக்காச்சோளம் நிற்கும். மேல்காற்றில் ஏறும் அந்துப்பூச்சி நம் பக்கம் வந்து இறங்க வழி உண்டு.

புரட்டாசிக் கடைசி, ஐப்பசி தொடக்கத்தில் காற்று தடுமாறும். ஒரு நாள் மேற்கு, ஒரு நாள் கிழக்கு, ஒரு நாள் அசைவே இருக்காது. மாலையில் இடியோடு மழை பெய்யும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். நம் மானாவாரி மக்காச்சோளம் முளைத்து இரண்டு, மூன்று வாரப் பயிராக நிற்பதும் இந்த நேரத்தில்தான். இரண்டு காற்று சந்திக்கும் இடத்தில் பறக்கும் பூச்சிகள் ஒன்றாகக் குவியும். இடிமழை மேகத்திலிருந்து கீழே பாயும் குளிர்ந்த காற்று அவற்றைத் தரையில் இறக்கிவிடும். அதனால் இந்தத் தடுமாறும் வாரங்களையே நான் அதிக ஆபத்தானவையாகக் கருதுகிறேன்.

கார்த்திகையில் வாடைக்காற்று நிலைத்துவிடும். வடகிழக்கே பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஆவணி, புரட்டாசியிலேயே விதைத்த மக்காச்சோளம் அப்போது முற்றிக்கொண்டிருக்கும். அங்கே வெளிவரும் அந்துப்பூச்சிக்கு நம் பயிர் காற்றுவாக்கில் இருக்கிறது. எவ்வளவு வருகிறது என்பதை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் வாடை நிலைத்த பிறகும், பூச்சியை எண்ண வைக்கும் பொறியை (6ஆம் பகுதியில் சொல்கிறேன்) எடுத்துவிடாதீர்கள்.

நம் ஊர்க் குளிர் இந்தப் பூச்சியைக் கொல்லும் அளவுக்கு இருக்காது. மார்கழியிலும் அது இருக்கும், கொஞ்சம் மெதுவாக வளரும், அவ்வளவுதான்.

2. பூச்சியின் நாட்கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்

அடையாளம் எளிது. புழுவின் தலையில் கவிழ்த்த கவட்டை போல வெள்ளைக் கோடு இருக்கும். வால் பக்கம் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும். இரண்டும் இருந்தால் படைப்புழு.

நம் வெயிலில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை சுமார் 30 நாள். ஒரு தாய்ப்பூச்சி நூறு, இருநூறாகக் குவியல் குவியலாக முட்டையிட்டு, மொத்தம் ஆயிரத்துக்கு மேல் இடும். குவியல் மேல் வெளிர் பஞ்சு போர்த்தியது போல இருக்கும். இரண்டு, மூன்று நாளில் பொரியும். குஞ்சுப்புழு முதலில் இலையின் பச்சையை மட்டும் சுரண்டும். அந்த இடம் காகிதம் போல வெளுத்துத் தெரியும். அப்புறம் நூல் விட்டுக் காற்றில் ஆடிப் பக்கத்துச் செடிக்குப் போகும். ஒரு வாரம் ஆனதும் குருத்துக்குள் இறங்கிவிடும். குருத்தில் மரத்தூள் போல எச்சம் தெரிந்தால் உள்ளே பெரிய புழு இருக்கிறது என்று பொருள். அந்த எச்சமே அதற்கு மூடி போலாகிவிடுவதால் மருந்து உள்ளே போகாது.

ஆக, மருந்து வேலை செய்யும் காலம் முட்டை பொரித்த முதல் ஐந்தாறு நாள். அதைத் தவறவிட்டால் எத்தனை ரூபாய் மருந்து அடித்தாலும் பாதி வீண்.

3. வானிலைத் தகவலுக்கு மூன்று இடம் போதும்

முதலாவது, மேகதூத் செயலி. 2019இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து கொண்டுவந்தது, இலவசம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை வரும், தமிழிலும் படிக்கலாம். அடுத்த ஐந்து நாள் மழை, காற்றின் திசை, வேகம், ஈரப்பதம் எல்லாம் அதில் இருக்கும். பலர் மழையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். காற்றின் திசை எழுதியிருக்கும் வரியைக் கட்டாயம் பாருங்கள். முதல் மூன்று நாள் கணிப்பை அதிகம் நம்பலாம். நான்காம், ஐந்தாம் நாளைப் போக்கு தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விண்டி போன்ற காற்று வரைபடச் செயலி. தரைக் காற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்துப்பூச்சி சில நூறு மீட்டர் உயரத்தில் பறப்பதால் உயரத்தை 600 மீட்டருக்கு மாற்றி, நேரத்தை இரவு 9 மணி முதல் நள்ளிரவு வரை வைத்துப் பாருங்கள். அம்பு எந்த மாவட்டத்திலிருந்து வருகிறது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

மூன்றாவது, உங்கள் வயலில் ஒரு மழைமானி. பிளாஸ்டிக் மழைமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டி.கல்லுப்பட்டியில் கொட்டும் மழை அடுத்த ஊரில் தூறக்கூட இல்லாமல் போவது நம் பக்கம் சர்வசாதாரணம். மாவட்ட அளவை வைத்து வயல் முடிவு எடுக்க முடியாது. காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுங்கள், வானிலைத் துறையும் அதே நேரத்தில்தான் கணக்கெடுக்கிறது.

ஒரு நோட்டில் தேதி, மழை, காற்று, பொறியில் விழுந்த பூச்சி என நாலு கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு பருவம் எழுதினால் உங்கள் வயலுக்கு எந்தக் காற்று பூச்சி கொண்டுவருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இதை எந்த அலுவலகமும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

4. விதைப்பதற்கு முன்பே காகித வேலையை முடியுங்கள்

புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பரவலான பூச்சித் தாக்குதலும் அடக்கம். விவசாயி கட்ட வேண்டிய பங்கு காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலம்) உணவுப் பயிர்களுக்கு 2 சதவீதம், ராபிக்கு (அதற்கு அடுத்த பருவம்) 1.5 சதவீதம், தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிர்களுக்கு 5 சதவீதம். புரட்டாசிப் பட்ட மக்காச்சோளம் ராபியில் வரும். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது 450 ரூபாய். உங்கள் பருவத்துக்கான தொகையையும் கடைசித் தேதியையும் உழவன் செயலியிலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ சரிபாருங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

எடுத்துப் போக வேண்டியவை: சிட்டா (நில உரிமைப் பதிவு), நடப்புப் பருவ அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு) அல்லது கிராம நிர்வாக அலுவலர் தரும் விதைப்புச் சான்று, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். ஐ.எஃப்.எஸ்.சி எண் மங்கலாக இருந்தால் வங்கியில் புதிதாக அச்சிட்டு வாங்குங்கள். விவசாயிகளுக்கான தனி அடையாள எண் இப்போது பல திட்டங்களுக்குக் கேட்கிறார்கள், இன்னும் பதியவில்லை என்றால் அதையும் முடித்துவிடுங்கள். குத்தகை நிலம் என்றால் குத்தகை ஒப்பந்தமோ சாகுபடிச் சான்றோ வேண்டும். நிலக்காரர் ஊரில் இல்லாதபோதுதான் இது நினைவுக்கு வரும், முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

அடங்கலை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். எனக்குக் கிடைத்த அடங்கலில் முந்தைய ஆண்டின் பயிரே எழுதியிருந்தது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் காப்பீட்டின் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. புல எண், உட்பிரிவு எண், பயிர், பரப்பு, விதைத்த தேதி ஐந்தும் விண்ணப்பத்தோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். அரசு தனியாக நிவாரணம் அறிவித்தாலும் பார்ப்பது இதே அடங்கலைத்தான்.

பதிவை இ-சேவை மையம், பொதுச் சேவை மையம், கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி எதில் வேண்டுமானாலும் செய்யலாம். பிரீமியம் தவிர பதிவுக் கட்டணம் என்று கேட்டால் ரசீது கேளுங்கள். சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கியவர்கள், தானாகவே காப்பீடு ஆகியிருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். 2020 காரிஃப் முதல் கடன்காரர்களுக்கும் அது விருப்பம்தான். பிரீமியம் பிடித்தார்களா என்று கேட்டு, விண்ணப்ப எண்ணுடன் ரசீதை வாங்குங்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு இடத்தில் பதியவும் கூடாது.

பூச்சித் தாக்குதலுக்கு உங்கள் வயலை மட்டும் பார்த்து இழப்பீடு வராது. இதைப் பலர் தெரியாமலே இருக்கிறார்கள். அறிவிக்கை செய்யப்பட்ட வருவாய் கிராமம் அல்லது பிர்க்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) அளவில் அறுவடைப் பரிசோதனை (சில வயல்களில் அறுத்து எடை பார்ப்பது) நடத்தி, சராசரி மகசூல் குறைந்திருந்தால்தான் அந்தப் பகுதியில் பதிவு செய்த எல்லோருக்கும் வரும். 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிற விதி வெள்ளம் தேங்குவது, ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு, நிலச்சரிவு, இடி மின்னலால் பிடிக்கும் தீ போன்ற தனிவயல் சேதத்துக்கு. பருவமழையில் வயலில் தண்ணீர் தேங்கினால் அந்த 72 மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். உதவி எண் 14447.

5. அக்கம்பக்கத்தோடு பேசி விதையுங்கள்

பூச்சியின் சுற்று 30 நாள் என்றேன். பக்கத்துக் காட்டில் உங்களுக்கு ஒரு மாதம் முன்பு விதைத்திருந்தால், அங்கே வளர்ந்த புழு அந்துப்பூச்சியாகி வரும் நேரத்தில் உங்கள் பயிர் இளங்குருத்தாக நிற்கும். பொழி (வரப்பு) தாண்டினால் போதும், அதற்குக் காற்றின் உதவிகூடத் தேவையில்லை. ஒரு ஓடையை ஒட்டிய காட்டுக்காரர்கள் பத்து நாளுக்குள் எல்லோரும் விதைத்துவிட்டால் இந்தத் தொடர் அறுந்துவிடும். செலவே இல்லாத பாதுகாப்பு இது, செய்வதுதான் கடினம். மழை வருவதற்கு முன்பே, டிராக்டர் பேசும்போதே பேசி வையுங்கள்.

கோடை உழவு ஆழமாகப் போடுங்கள். கூட்டுப்புழு மண்ணுக்குள் சில அங்குலத்தில்தான் கிடக்கும். மேலே வந்தால் வெயிலும் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு பரிந்துரை.

விதைப் பையின் அட்டையைப் படியுங்கள். சயன்ட்ரனிலிப்ரோலும் தையமீத்தாக்சமும் கலந்து நேர்த்தி செய்த விதை என்றால் முதல் இரண்டு, மூன்று வாரத்துக்குப் பாதுகாப்பு உண்டு. நேர்த்தி செய்யாத விதை என்றால் அந்த மருந்தை ஒரு கிலோவுக்கு 4 மில்லி வீதம் கலக்க வேண்டும். இந்த விதையைக் கோழி மேயும் இடத்தில் உலர்த்தாதீர்கள்.

பொழியோரம் தட்டைப்பயறு, எள், துவரை, சூரியகாந்தி மூன்று வரிசை போடுங்கள். ஊடுபயிராக உளுந்து போடலாம். நன்மை செய்யும் பூச்சிகளுக்கு அது தங்குமிடம்.

6. முளைத்த வாரமே பொறி வையுங்கள்

இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து. பொறியும் உள்ளே வைக்கும் கவர்ச்சிக் குப்பியும் சேர்த்து ஒன்று நூறு ரூபாயை ஒட்டி ஆகும், கடைக்குக் கடை மாறும். குப்பியை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உரக்கடையில் "படைப்புழு லூர்" (லூர் என்றால் அந்தக் கவர்ச்சிக் குப்பி) என்று மட்டும் கேட்டால் நிலக்கடலை, பருத்தியில் வரும் புரொடினியாப் புழுவுக்கானதை எடுத்துக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. இரண்டும் ஒரே பேரினத்துப் பூச்சிகள், ஆனால் ஒன்றின் வாசனைக்கு மற்றது வராது. பொறி காலியாகக் கிடக்கும், பூச்சி இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், குருத்து உள்ளே காலியாகிக்கொண்டிருக்கும். உறையில் ஸ்போடாப்டெரா ஃபுருஜிபெர்டா என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் சரியானதைக் காட்டித் தருவார்கள்.

பயிரின் தலைக்குச் சற்று மேலே இருக்கும்படி கட்டி, பயிர் வளர வளர உயர்த்துங்கள். குப்பியைப் புகையிலை, மருந்து தொட்ட கையால் எடுக்காதீர்கள். தினமும் காலையில் எண்ணி நோட்டில் எழுதுங்கள். இதில் ஆண் பூச்சி மட்டும்தான் விழும். இது பூச்சியை ஒழிக்கும் கருவி இல்லை, சேதி சொல்லும் கருவி.

ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு ஒரு பூச்சி என்ற அளவு வந்துவிட்டால் விழித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்குள் இலையில் முட்டையும் குஞ்சுப்புழுவும் தெரியத் தொடங்கும். நோட்டில் முந்தைய இரண்டு, மூன்று நாளின் காற்றைத் திரும்பிப் பாருங்கள். காற்று மாறியதை ஒட்டி எண்ணிக்கை எகிறியிருந்தால் வெளியிலிருந்து வந்த கூட்டமாக இருக்கலாம். ஒரே நாளில் பரவலாக முட்டை விழும். மெதுவாக ஏறியிருந்தால் பக்கத்துக் காட்டைப் போய்ப் பாருங்கள்.

7. மழை விட்ட பிறகு வயலில் நடங்கள்

கனமழை குஞ்சுப்புழுவைக் கழுவித் தள்ளிவிடும், குருத்தில் தண்ணீர் நின்றால் சிறு புழு மூழ்கிச் சாகும். இரண்டு நாள் நல்ல மழை பெய்தால் ஒரு மருந்துச் செலவு மிச்சம் என்றே சொல்லலாம். ஆபத்து அதற்குப் பின்னால் வருகிறது: மழை விட்டு ஏழு, எட்டு நாள் வெயிலும் லேசான காற்றுமாக இருந்தால் பயிரும் செழித்து இளசாக இருக்கும், புழுவும் தடையில்லாமல் வளரும். புதியவர்கள் மழை நின்றதும் களையெடுப்பிலும் யூரியாவிலும் கவனமாகி இந்த வாரத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

மழை விட்ட இரண்டாம் நாளிலிருந்து, வாரம் இருமுறை நடங்கள். பொழியோரத்தில் நின்று பார்த்தால் போதாது. கோணல் மாணலாகக் குறுக்கே நடந்து ஐந்து இடத்தில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்து 20 செடி பாருங்கள். மொத்தம் 100 செடி, எண்ணியதே சதவீதம். புதிதாகக் கடித்த செடிகளை மட்டும் எண்ணுங்கள், பழைய ஓட்டையை எண்ணினால் கணக்கு தப்பும்.

மருந்து அடிப்பதற்கான வரம்பு இது: முளைத்து மூன்று, நான்கு வாரம் வரை 100க்கு 5 செடி. அதற்கு மேல் குருத்துப் பருவத்தில் 100க்கு 10. இதற்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டாம். முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் அப்படியே நசுக்குங்கள்.

தொடர் ஈரப்பதத்தில் இன்னொன்றும் நடக்கும். இலைமேல் புழு விறைத்து வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ பூசணம் பூத்துச் செத்துக் கிடக்கும். அது மெட்டாரைசியம் இனத்துப் பூஞ்சை, இயற்கையாகவே வருவது. அப்படிச் செத்த புழுக்கள் பல இடத்தில் தெரிந்தால் மருந்தைத் தள்ளிப்போட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

8. மருந்து அடிக்கும் நாளை வானம் முடிவு செய்யட்டும்

முதல் தேர்வாக 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்: ஏக்கருக்கு 10 கிலோ கொட்டை, 200 லிட்டர் தண்ணீர். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போதே பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்தால் செலவு கூலி மட்டும்தான். இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்க வேண்டும். பொறியில் எண்ணிக்கை ஏறியதும் இதை அடித்தால் முட்டையிடுவது குறையும்.

வரம்பைத் தாண்டிய பிறகு, பரிந்துரையில் உள்ளவை (பெயரோடு வரும் எண்ணும் எழுத்தும் மருந்தின் செறிவும் வகையும்): எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி லிட்டருக்கு 0.4 கிராம், குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி 0.4 மில்லி, ஸ்பைனெட்டோரம் 11.7 எஸ்.சி 0.5 மில்லி. ஏதாவது ஒன்று. அடுத்த முறை வேறு ஒன்று. மூடிக் கணக்கில் ஊற்றாதீர்கள். பத்து லிட்டர் டேங்குக்கும் பதினாறு லிட்டர் டேங்குக்கும் அளவு வேறு, எமாமெக்டின் என்றால் 4 கிராம், 6.4 கிராம். கடைக்காரர் நாலைந்து புட்டிகளை ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். செலவு மூன்று மடங்காகும், சிலந்தியும் குளவியும் சாகும். ரசீதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கட்டும்.

ஐப்பசியில் மழை பெரும்பாலும் மாலையில்தான் வரும். அதனால் காலையில் பனி காய்ந்ததும் அடித்துவிடுங்கள். அடித்த பிறகு நாலைந்து மணி நேரமாவது மழை இல்லாமல் இருக்க வேண்டும். கார்த்திகைக்குப் பிறகு வானம் தெளிந்தால் மாலை நல்லது, புழு வெளியே வரும் நேரம். மெட்டாரைசியம் அனிசோப்ளியே போன்ற பூஞ்சை மருந்தை மேகமூட்டமான மாலையில் அடித்தால்தான் பிடிக்கும், உச்சி வெயிலில் அடித்தால் பணம் போச்சு. காற்று பலமாக வீசும் நாளில் எதையும் அடிக்க வேண்டாம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும், முகத்துக்கு வரக் கூடாது. நாசில் குருத்தைப் பார்த்து இருக்கட்டும், இலையெல்லாம் நனைக்கத் தேவையில்லை.

ஆண்பூ வந்த பிறகு மருந்து அடிப்பதில் பலன் இல்லை. கதிரில் தெரியும் புழுவைக் கையால் எடுப்பதோடு சரி. மருந்து அடித்த காட்டுத் தட்டையை உடனே மாட்டுக்குப் போடாதீர்கள், உறையில் காத்திருப்பு நாள் எழுதியிருக்கும்.

9. நெல் போட்டிருப்பவர்களுக்கு: புகையான்

வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர், மேலூர் என்று பெரியாறு–வைகைப் பாசனத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வானிலை வேறு. மேகமூட்டம், புழுக்கம், காற்றசைவில்லாமை, வெப்பம் 25 முதல் 30 டிகிரி. இந்த நான்கும் ஒரு வாரம் சேர்ந்திருந்தால், நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தேடுங்கள்.

முதலில் வருவது நீண்ட இறக்கையுள்ள பூச்சி, காற்றில் வந்து இறங்கும். அது பெற்றுப்போடும் தலைமுறையில் குட்டை இறக்கைப் பூச்சிகள் நிறைய வரும். அவை பறக்காது, அதே இடத்தில் பெருகி வட்ட வட்டமாகப் பயிரைக் காய வைத்துவிடும். ஆகவே விளக்குப் பொறியில் நீண்ட இறக்கைப் பூச்சி விழத் தொடங்கும் நாள் முக்கியம். பொறியை மாலை 6 முதல் 10 வரை மட்டும் எரியவிடுங்கள், விடிய விடிய எரித்தால் நன்மை செய்யும் பூச்சியும் விழும். பௌர்ணமியை ஒட்டி விளக்குக்குப் பூச்சி குறைவாக வரும், அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

நடும்போதே எட்டடிக்கு ஒருமுறை ஒரு அடி நடாமல் இடைவெளி (பட்டம்) விடுங்கள். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். தூருக்கு ஒரு பூச்சி, சிலந்தி இருந்தால் இரண்டு, அதைத் தாண்டினால் முதலில் தண்ணீரை வடியுங்கள். கம்மாய்த் தண்ணீர் மறுபடி எப்போது கிடைக்குமோ என்று யாரும் வடிக்க விரும்ப மாட்டார்கள். முறைப்பாசனத் தேதியைப் பார்த்து, அடுத்த முறை வருவதற்கு மூன்று, நான்கு நாள் முன்பு வடித்தால் பயம் இல்லை. அப்புறமும் குறையவில்லை என்றால் பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி ஏக்கருக்கு 120 கிராம் அல்லது ட்ரைஃப்ளுமெசோபைரிம் 10 எஸ்.சி 94 மில்லி, தூரில் படும்படி. பைரெத்ராய்டு வகை மருந்தை மட்டும் தொடாதீர்கள். அது சிலந்தியைக் கொன்று புகையானைப் பெருக்கிவிடும்.

10. வெட்டுக்கிளி வீடியோ வந்தால்

2020 மே மாதத்தில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் வரை பாலைவன வெட்டுக்கிளி வந்தபோது கிருஷ்ணகிரிப் பக்கம் எருக்கஞ்செடியில் கூட்டமாக உட்கார்ந்த வெட்டுக்கிளியைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள். அது உள்ளூர் வகை என்று வேளாண் துறை உறுதி செய்தது. அப்படி ஏதாவது பார்த்தால் தெளிவாகப் படம் எடுத்து உதவி வேளாண்மை அலுவலருக்கு அனுப்புங்கள், அல்லது கிசான் கால் சென்டர் 1800-180-1551இல் கேளுங்கள். காலை 6 முதல் இரவு 10 வரை தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

11. தாக்குதல் கைமீறிப் போனால்

வயல் முழுவதும் தெரியும்படி, தேதியும் இடமும் பதிவாகும் செயலியில் படம் எடுங்கள். குருத்தைப் பிரித்துப் புழு தெரிய நெருக்கமாகவும் எடுங்கள். பிறகு உதவி வேளாண்மை அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். தனியாகப் போவதைவிட ஓடைக்காட்டுக்காரர்கள் எல்லோரும் புல எண்ணோடு ஒரே மனுவாகக் கொடுப்பது பயன் தரும். இழப்பீடு பகுதிக் கணக்கில்தான் வரும் என்பதால், உங்கள் பிர்க்காவில் அறுவடைப் பரிசோதனை எந்தெந்தப் புலத்தில், எந்தத் தேதியில் என்று கேட்டு அன்றைக்கு யாராவது ஒருவர் அங்கே நில்லுங்கள்.

பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் கணக்கு முடங்கிவிடாமல் அவ்வப்போது ஒரு வரவு செலவு வையுங்கள், செல்போன் எண்ணை மாற்றினால் வங்கியில் சொல்லிவிடுங்கள். அறுத்த கையோடு தட்டையை மடக்கி உழுதுவிடுங்கள்; கோடை மழைக்குத் தானாக முளைக்கும் மக்காச்சோளச் செடிகளையும் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் அடுத்த புரட்டாசி வரை பூச்சிக்கு அதுவே சோறு.